ஈரத்தரைப் பெரேரா

மேல்மந்து அச்சாபீசில் ஒரு வருஷம் எழுத்துப் பெட்டியில் ஒரே ஒரு கொம்பு குறைந்துபோயிற்று, அதனால் ஊரில் ஒரு மனிதர் கூடிப்போனார். வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். மேல்மந்துக்காரர்கள் பிளக்கவில்லை, ஏனென்றால் அது சீசன் நேரம், அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

சீசன் என்றால் குதிரைச் சீசன். சித்திரை பிறந்ததும் கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி லாரி லாரியாகக் குதிரைகள் மலையேறி வரும், அவற்றோடு குதிரைக்காரர்களும் ஜாக்கிகளும் டிரெய்னர்களும் டிரெய்னர்களின் பெண்சாதிகளும் அந்தப் பெண்சாதிகளின் நாய்களும் வருவார்கள், பஸ் ஸ்டாண்டுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் நடுவே வருஷமெல்லாம் சும்மா கிடக்கும் பந்தய மைதானம் சிலிர்த்துக்கொண்டு எழுந்து உட்காரும், அதன் பிறகு கேரட் கழுவுகிறவர் முதல் மாதா கோவில் மணியடிக்கிறவர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சனிக்கிழமை எந்தக் குதிரை என்பதைத் தவிர வேறெதையும் பேசமாட்டார்கள்.

எந்தக் குதிரை என்று கேட்டால் ஞானத்துரைக்குக் கோபம் வரும். "குதிரையை ஏன்யா கேக்குறீங்க? டிரெய்னர் யாருன்னு கேளுங்க" என்பார்.

ஞானத்துரை குதிரைக்காரர் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது மழை. மேட்டின் உச்சியில் வானிலைக்காரர்கள் கட்டிக்கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்து, முற்றத்தில் நட்டுவைத்த மழைமானியைத் தினமும் காலை எட்டரை மணிக்குத் திறந்து பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதித் தந்தியடிக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதைச் செய்ததில் ஊர் அவர் பெயரை மறந்து 'மழை சார்' என்று வைத்துக்கொண்டது. அவரை ஞானத்துரை என்று கூப்பிட்டவள் அவர் மனைவி எஸ்தர் ஒருத்திதான், அவளும் போய்ப் பதினோரு வருஷமாகிவிட்டது. பிள்ளை கிடையாது. பதினோரு வருஷமாக அந்த வீட்டுக் கதவைப் பால்காரர் தவிர யாரும் தட்டியதில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லிக்கொள்ள ஆளிருந்தால்தான் அது ஒரு குறையாகவே இருந்திருக்காதே.

எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? மழை பெய்யாத நாளில் எதையாவது எழுத வேண்டுமென்று பந்தயங்களை எழுத ஆரம்பித்தார், எழுத எழுத ஒன்று தெரிந்தது. குதிரை வருஷத்துக்கு ஒன்று மாறும், ஜாக்கி வாரத்துக்கு ஒருவர் மாறுவார், மாறாத பிராணி டிரெய்னர்தான். தேவய்யா கடைசி லாரியில் மலையேற்றும் குதிரைதான் அவர் மனசிலிருக்கிற குதிரை. நவ்ரோஜி ஒரு குதிரைக்கு முதல்தடவையாகக் கண்பட்டி கட்டினால் ஐந்தில் இரண்டு தரம் அது ஜெயிக்கும், இரண்டாம் தடவை கட்டினால் ஜெயிக்கவே ஜெயிக்காது. இப்படி ஒவ்வொருத்தருடைய வழக்கத்தையும் ஓட்டம் இத்தனை, வெற்றி இத்தனை என்று பிரித்து, சீசனில் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பக்கத் தாளாக அச்சடித்து வெளியிட்டார். முன்பக்கம் காய்ந்த தரை, பின்பக்கம் ஈரத்தரை, அதன் அடியில் 'தொகுத்தவர்: ஞானத்துரை'. அந்தத் தாளில் இதுவரை ஒரு புள்ளி தப்பாக வந்ததில்லை என்பது ஊருக்குத் தெரியும், அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

ஈரத்தரைப் பக்கத்தின் ராஜா டெஸ்மண்ட் பெரைரா. டிரெய்னர்களில் அவர் ஒருவர்தான் உள்ளூர்க்காரர், சீசன் முடிந்தாலும் மனைவி ஐரிஸோடு இங்கேயே இருப்பவர். தரை காய்ந்திருந்தால் அறுபத்திரண்டு ஓட்டத்தில் மூன்று வெற்றி, கழுதையை நம்பலாம். தரை நனைந்துவிட்டாலோ இருபத்தோரு ஓட்டத்தில் ஒன்பது வெற்றி. குதிரைகளை ஏரிக்கரைச் சேற்றில் நடக்கவிட்டே பழக்கியவர், அதுதான் ரகசியம்.

அந்த வருஷச் சீசனின் முதல் தாள் அச்சுக்கோக்கும்போதுதான் அது நடந்தது. அச்சாபீஸ் போஜனுடையது, அச்சுக்கோப்பவரும் அவரே. பந்தயத் தாள் என்றால் 'குதிரை' எத்தனை தடவை வரும், 'தரை' எத்தனை தடவை, 'மழை' எத்தனை தடவை, 'வரை' எத்தனை தடவை! 'ரை'யோ 'ழை'யோ வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு சங்கிலிக் கொம்பு நிற்கவேண்டும். பின்பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் பாக்கி நிற்கும்போது பெட்டியின் அந்த அறையில் போஜனின் விரல் மரத்தைத் தொட்டது. கொம்பு தீர்ந்துவிட்டது. பெரைராவுக்கு ஒன்று வேண்டும். பக்கத்து அறையில் இரட்டைக் கொம்பு குவிந்து கிடந்தது. போஜனுக்குப் பசி வேளை. கொம்புதானே என்று இரட்டைக் கொம்பை எடுத்து வைத்து, 'பெரேரா' என்று கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முன்பக்கத்தில் பெரைரா, பின்பக்கத்தில் பெரேரா. தாளில் தப்பு வந்திருக்கலாம் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மழை சார் தாளில் தப்பு வராது, ஆகவே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. அண்ணன் தம்பியாக இருக்கும் என்றார் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். பழக்கடைக்காரர்கள் யார் அண்ணன், யார் தம்பி என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். பெரேராவைத் தான் சின்ன வயசில் பார்த்திருப்பதாக மணியடிக்கிறவர் சொன்னார். பந்தய மைதானத்துக் குமாஸ்தா கோப்புகளில் தேடிப் பார்த்தார், பெரேரா என்று ஒரு கோப்பு இல்லை, இல்லாததை மேலதிகாரிக்கு விளக்குவதைவிடப் புதிதாக ஒன்று திறப்பது சுலபம் என்று திறந்துவிட்டார். இவ்வளவும் ஆனபின், இனி வந்து சேரவேண்டியது ஆள் மட்டும்தான்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் மழை இறங்கியது, ஆளும் வந்தார். பெரைராவின் அதே முகம், அதே தொப்பி, பழுப்பு மழைக்கோட்டு மட்டும் புதுசு. பெரைராவின் லாயத்துக்குள் போனார், பெரைராவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், குதிரைக்காரர்கள் சலாம் வைத்தார்கள். பேச்சில்தான் வித்தியாசம். சொல்லுக்கு நடுவில் வரும் ஐகாரம் குறுகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, பெரைராவின் பேச்சு அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பெரேரா நெடிலுக்குப் பிறந்தவர், இழுத்து இழுத்துத்தான் பேசுவார். அதோடு அவர் வாயில் ஐகாரமே கிடையாது. "குதிரே நல்ல குதிரே, மழே நின்னுடாம இருக்கணும்" என்றார். மறுநாளும் மழை நிற்கவில்லை, குதிரை மூன்று குதிரை நீளம் முந்தி ஜெயித்தது. வெயில் வந்தபோது பெரேராவைக் காணோம். மழைக்காலத்து டிரெய்னர் மழையோடு போய்விட்டார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது.

அடுத்த மழைநாள் சாயங்காலம், பதினோரு வருஷத்துக்குப் பிறகு, ஞானத்துரை வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"லாயம் அவரோடது, வீடும் அவரோடது" என்றார் வாசலில் சொட்டச் சொட்ட நின்றவர். "பந்தயம் முடிஞ்சா எனக்குப் போக இடமில்லே, ஞானத்துரே. நீங்கதான் என்னே எழுதினவராமே."

ஞானத்துரே என்று தன் பெயரைக் கேட்டதும் அவர் கதவை அகலத் திறந்தார். உள்ளே வரச் சொல்லி, துவட்டத் துண்டு கொடுத்து, எஸ்தரின் கோப்பையைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி அதில் டீ ஊற்றி, வர்க்கி ரொட்டியைத் தட்டில் வைத்தார். அன்றைக்கு இரண்டு பேரும் நவ்ரோஜியின் கண்பட்டியைப் பற்றி மட்டுமே ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தன் எண்களை யாராவது இப்படி உட்கார்ந்து கேட்பார்கள் என்று ஞானத்துரை நினைத்ததே இல்லை. போகும்போது பெரேரா வாசலில் நின்று, "வெயில்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஞானத்துரை யோசித்து யோசித்துப் பார்த்தார். வெயிலை அளக்கச் சொல்லி அவருக்கு யாரும் கருவி கொடுத்திருக்கவில்லை. அடுத்த தடவை சொல்கிறேன் என்றார்.

பிழையை அவர் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் மழைக்கு முந்தின நாளே பார்த்துவிட்டார். மறு வாரம் திருத்தச் சொல்லலாம் என்றிருந்தார், அதற்குள் கதவு தட்டப்பட்டுவிட்டது. போஜன் கட்டிய பக்கத்தைப் பிரிக்கமாட்டார், வாராவாரம் எண்களை மட்டும்தான் மாற்றுவார். ஆகவே ஞானத்துரை ஒரு தப்பும் செய்ய வேண்டியிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டிருந்தார். பெரேராவின் வெற்றி பத்து, பதினொன்று, பதின்மூன்று என்று தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் மேகம் இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்தார், இருபத்தாறு வருஷத்தில் மழையை அவர் ஆசைப்பட்டது அப்போதுதான்.

வைகாசி கடைசியில் ஒரு வெயில்நாளில் ஐரிஸ் அம்மாள் மேடேறி வந்தாள். பூப்போட்ட கவுனும் கையில் மடித்த தாளுமாக முற்றத்திலேயே நின்றாள்.

"மழை சார், எங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசணும். மழை விழுந்தா அவர் நாற்காலியில உக்காந்துடறார். கூப்பிட்டா திரும்பறதில்ல. சூப் வச்சா ஆறிப்போய்க் கிடக்கு. கண்ணு தொறந்துதான் இருக்கு சார், ஆனா ஆள் உள்ள இல்ல. வெயில் வந்ததும் எந்திரிச்சு, 'ஐரிஸ், மணி என்ன'ன்னு கேக்கறார்."

ஞானத்துரை மண்ணைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நாள்ல பருவமழை பிடிச்சுடும். இந்த ஊர்ல அது மூணு மாசம் பெய்யும், உங்களுக்குத் தெரியாததா? மூணு மாசமும் நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைத்தாள். "எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனாலதான் கண்ணுல பட்டுது. இது கொம்பு மாறிப் போச்சு, இல்லீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் அவகாசம் கிடைத்தது. எஸ்தரின் கோப்பை உள்ளே மேஜைமேல் இருந்தது. தன் வீட்டு நாற்காலி நிறைந்ததெல்லாம் இன்னொரு வீட்டு நாற்காலி காலியானதால்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது, உறைத்ததும் அவமானமாக இருந்தது.

"ஆமாம்மா, பிழைதான்" என்றார். "நான் பார்த்தும் விட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள், ஒற்றைக் கட்டிலையும் இரண்டு கோப்பைகளையும் பார்த்தாள், "திருத்திடுங்க சார்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் தூறலில் பெரேரா வந்தபோது ஞானத்துரை எதையும் மறைக்கவில்லை. சீசனின் கடைசித் தாள் இந்த வெள்ளிக்கிழமை, அதில் திருத்தப் போகிறேன் என்றார். பெரேரா வர்க்கியை டீயில் முக்கி வைத்திருந்தார், அது ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"திருத்தினா நான் இல்லாமப் போயிடுவேனா?"

"இல்ல. அடிச்ச தாளெல்லாம் ஊர்ல ஒவ்வொருத்தர் சட்டைப்பையிலயும் இருக்கு. இனி நீங்க இல்லாம போக முடியாது."

"லாயம்?"

"அது அவருக்குப் போயிடும். குதிரையும்."

"அப்ப மழே பெய்யறப்போ நான் எங்கே போறது, ஞானத்துரே?"

இங்கே வாருங்கள் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் பெரேராவுக்குக் கதவு திறந்த மனிதன் பெயரில் இரட்டைக் கொம்பில்லாதவன், பிழையைப் பார்த்தும் விட்டவனும் இப்போது அதைத் திருத்தப் போகிறவனும் அவனே. திருத்தியபின் இந்தக் கதவு பெரேராவின் கண்ணுக்குத் தெரியுமா என்றே அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் புள்ளிவிவரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை அச்சாபீசில் போஜன் தலையைச் சொறிந்தார். "சார், சொல்றது சுலபம். சங்கிலிக் கொம்பு ஒண்ணு வேணுமே? கோயம்புத்தூர்ல சொல்லி வார்த்து வர ஒரு மாசம் ஆகும். இந்தப் பக்கத்துலயே வேற எங்கயாவது ஒண்ணை உருவித்தான் இங்க வைக்கணும்."

இரண்டு பேரும் பக்கத்தின்மேல் குனிந்தார்கள். ஒரு குதிரையிலிருந்து உருவலாம் என்றால் குதிரே என்று ஆகும், அப்புறம் மலையேறி என்ன மிருகம் வந்து நிற்குமோ. தரையில் கைவைக்க இருவருக்குமே பயமாக இருந்தது, எல்லாரும் நிற்பது அதன்மேல்தான். மழையில் கைவைத்தால் ஞானத்துரையின் உத்தியோகத்துக்கே ஆபத்து.

"கடைசி வரியில ஒண்ணு இருக்கு போஜன்" என்றார் ஞானத்துரை.

போஜன் அடிவரியைப் பார்த்தார். தொகுத்தவர்: ஞானத்துரை.

"அட, ஆமா. அப்ப அந்த வரியையே எடுத்துடலாம் சார். உங்களை யாருக்குத் தெரியாது?"

"வரி இருக்கட்டும். கொம்பை எடுத்துட்டு இரட்டைக் கொம்பைப் போடுங்க."

போஜன் எழுத்தை உருவ எடுத்த சாமணத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் எல்லாம் தெரியும், ஊருக்கே தெரியும், யாரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். "சார், மழை பெஞ்சா நாற்காலியில உக்காந்துடுவீங்க. மூணு மாசம்."

"என்னைக் கூப்பிட்டுத் திரும்பலைன்னு அழ எங்க வீட்ல யார் இருக்கா? அங்க ஒரு மனுஷன் மழையில போக இடமில்லாம நிக்கப்போறார். அவரை மாதிரியே ஒருத்தன் கூட நின்னா நல்லதுதானே."

போஜன் சாமணத்தை மறுபடி எடுத்துக் கொம்பை உருவினார். அது விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. அதைப் பெரைராவின் பெயருக்குள் இறக்கிவிட்டு, ஞானத்துரையின் பெயரில் இரட்டைக் கொம்பை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்தார்.

தாள் வந்தது. குதிரைகள் லாரியேறி இறங்கிப்போயின. மைதானம் மறுபடி படுத்துக்கொண்டது. ஆனி பிறந்து மூன்றாம் நாள் காலை, மழைமானியைத் திறக்கக் குனிந்தபோது ஞானத்துரையின் புறங்கையில் முதல் துளி விழுந்தது. பெரிய துளி என்று நினைத்தார்.

அடுத்து அவர் கண்டது வெயிலை. நாற்காலியில் இருந்தார், கால் மரத்துப்போயிருந்தது, தேதிக் காலண்டர் கிழிக்கப்படாமல் ஐந்து நாள் பின்னால் நின்றது. முகம் கழுவிக்கொண்டு தள்ளாடி இறங்கி, பஸ் ஸ்டாண்டு முனையில் மரகதத்தின் டீக்கடைக்குப் போனார். வழியில் பெரைராவும் ஐரிஸ் அம்மாளும் மார்க்கெட்டில் காலிஃபிளவர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரைரா வெடுக்கென்று ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். ஞானத்துரையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, தலையை ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தாள்.

"ஏனுங்க மழை சார், அப்படி என்னங்க சிரிப்பு?" என்று மரகதம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அஞ்சு நாளா நீங்களும் அந்தப் பெரேராவும் ஒரே குடையில, மைதானத்தைச் சுத்திச் சுத்தி வந்துட்டு! இத்தனை வருஷத்துல உங்க பல்லை இப்பத்தானுங்க பார்க்கறேன். நேத்து இந்தப் பெஞ்சுல உக்காந்து சிரிச்ச சிரிப்புல டம்ளரே உருண்டு போச்சு."

"எதுக்குச் சிரிச்சோம்?" என்றார் ஞானத்துரை.

"நல்லா கேட்டீங்க போங்க. அதை நீங்கதானே சொல்லணும்?"

டீயைக் குடித்துவிட்டு மேடேறினார். பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்ததும், அதை அவர் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்ததும் மரகதத்துக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு கோப்பைகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மழை நோட்டைத் திறந்தார். ஐந்து நாளும் தவறாமல் காலை எட்டரைக்கு அளந்து எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்துதான், கொஞ்சம் இழுத்து எழுதியிருந்தது. மழே, முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மழே, ஐம்பத்தொன்று. கடைசி நாளுக்கு எதிரே, இருபத்தாறு வருஷமாக வெறுமையாகவே கிடந்த குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'வெயில் எப்படி இருக்கும்னு பெரேரா மறுபடி கேக்கறார். எனக்கும் தெரியலே. நீர் பார்த்து எழுதி வையும்.'

ஞானத்துரை அந்த இரண்டு வரியை இன்னொரு தடவை வாசித்தார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் வந்துவிடும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் மழைமானிக்குப் பக்கத்தில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகிலும் பாதத்திலும் வெயில் படும்படி உட்கார்ந்தார். எஸ்தர் போனபிறகு அவர் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. நோட்டை மடியில் விரித்து, 'அன்புள்ள பெரேரா' என்று எழுதி, கொம்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மேலே எழுதத் தொடங்கினார்.